100 வாட் பல்பும் பழைய ஒயரும்

திருவட்டாறு பக்கம் விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்குப் போகிற ஜீப்காரர்களுக்கு 60 வாட் ஹெட்லைட் போதவில்லை. 100 வாட் மாட்டுகிறார்கள். ஆசை நியாயம்தான், மாட்டியதும் மறந்துவிடுவதுதான் வில்லங்கம். 12 வோல்ட்டில் 60 வாட்டுக்கு 5 ஆம்பியர், 100 வாட்டுக்கு 8-க்கும் மேல். ரிலே வைக்காமல் பழைய ஒயரிலேயே ஓட்டினால் ஹோல்டர் உருகும். இங்கே மழையும் வருஷத்துக்கு இரண்டு பருவம். கனெக்டரில் பச்சை பூத்தால் அந்த இடம் இன்னும் சுடும். மாதம் ஒருமுறை கழற்றிப் பார்த்து, ஹோல்டர் பழுத்திருந்தால் ஒயரோடு சேர்த்து மாற்றணும். பியூஸ் போகுதேன்னு பெரிய பியூஸ் போடுகிற மகராசன்களும் உண்டு! அப்புறம் எரிவது ஒயர்தான். லோ பீம் உயரத்தையும் சுவர் முன் நிறுத்திச் சரிபார்க்கணும். எதிரே டூவீலரில் பால்வெட்டுக்காரர் வருவார், வளைவில் அவருக்குக் கண் கூசிவிடக் கூடாது.