அந்த வீடு யாருக்குச் சொந்தம்?

அமெரிக்கக் கல்லூரி ஊர்களின் படங்களில், வெள்ளைத் தூண்களும் வாசல் முகப்பில் கிரேக்க எழுத்துகளுமாக நிற்கும் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். 'சொராரிட்டி' எனப்படும் மாணவியர் சங்கங்களின் வீடுகள் அவை. அங்கே தங்கும் பெண்கள் படிப்பு முடிந்ததும் போய்விடுவார்கள். அப்படியானால், நூறு வயதான கட்டடத்தின் கூரையை மாற்றுவது யார்? பழைய கட்டடங்களின் மேல் எனக்குள்ள பிரியம் இந்தக் கேள்வியை விடவில்லை. சங்கங்களின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

தேடல் முதலில் போய் நின்ற இடம் இலினாய் மாநிலத்தின் மான்மத் என்ற சிற்றூர். 1867 ஏப்ரல் 28 அன்று, மேஜர் ஜேக்கப் ஹோல்ட் என்பவர் வீட்டு மாடியறையில் பன்னிரண்டு இளம்பெண்கள் சேர்ந்து ஒரு ரகசியச் சங்கம் தொடங்கினார்கள். அவர்களில் இருவர் அந்த அறையில் வாடகைக்கு இருந்தவர்கள். இன்று அதன் பெயர் பை பீட்டா ஃபை. கல்லூரிகள் பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்த காலம். ஆனால் தங்க இடம் தேடுவது பல ஊர்களில் அவரவர் பாடாக இருந்தது.

சொந்த வீட்டின் கதை நியூயார்க் மாநிலத்து சிரகியூஸில் தொடங்குகிறது. அங்கே 1872இல் பத்து மாணவிகள் தொடங்கிய ஆல்ஃபா ஃபை, 1886இல் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டது. பெண்கள் சங்கங்களில் அதுவே முதல். நியூயார்க் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1917இல்தான். வாக்குச்சீட்டு கைக்கு வருவதற்கு முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன்பே, கூடி வாழ ஒரு வீட்டை எழுப்பிவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது.

என் கேள்விக்கு விடையும் அந்தத் தலைமுறையின் வழியிலேயே கிடைத்தது. படித்து முடித்துப் போன பெண்களே வீட்டைத் தாங்குகிறார்கள். இன்று பெரும்பாலும், முன்னாள் மாணவிகள் லாபநோக்கற்ற கழகம் ஒன்றைப் பதிவு செய்து, வீட்டை அதன் பெயரில் வைத்திருக்கிறார்கள். கடன் வாங்குவது, காப்பீடு கட்டுவது, ஒப்பந்தக்காரரோடு மல்லுக்கட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பலரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பெர்க்லியில் கப்பா ஆல்ஃபா தீட்டா சங்கத்துக்கு 1908இல் வீடு வடிவமைத்தவர் கலிபோர்னியாவில் உரிமம் பெற்ற முதல் பெண் கட்டடக் கலைஞரான ஜூலியா மோர்கன். அவரும் மாணவியாக அதே சங்கத்தில் இருந்தவர்தான்.

பராமரிப்பு லேசான வேலையில்லை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவரைக் கெட்டியான சிமென்டால் பூசினால், ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லே பொரிந்து உதிரும். 1978க்கு முந்தைய வீடுகளின் பெயின்டில் ஈயம் இருக்கலாம். கண்டபடி சுரண்டக் கூடாது. 1996இல் சேப்பல் ஹில் என்ற கல்லூரி ஊரில் மாணவர் சங்க வீடு ஒன்று தீப்பிடித்து ஐந்து பேர் இறந்த பிறகு, தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான்கள் கட்டாயம் என்ற பேச்சு வலுத்தது. பழைய கூரையைப் பிரித்துக் குழாய் பதிக்க எக்கச்சக்கமாகச் செலவாகும். நன்கொடையிலும் ஒரு சிக்கல்: சங்க வீட்டுக்கு நேரடியாகக் கொடுத்தால் வரிவிலக்கு இல்லை, கல்வி அறக்கட்டளை வழியாகப் படிப்பறைக்குக் கொடுத்தால் உண்டு. சமையலறைக்குப் பணம் திரட்டுவதைவிட நூலகத்துக்குத் திரட்டுவது எளிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய வீட்டைக் காக்கும் இந்த அக்கறை புதிதல்ல: தான் பிறந்த மான்மத்தின் ஹோல்ட் வீட்டையும் 1930களின் இறுதியில் பை பீட்டா ஃபை சங்கமே விலைக்கு வாங்கிச் சீரமைத்தது.

இவ்வளவு பாராட்டியபின் மற்றதையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சங்கங்கள் நெடுங்காலம் கறுப்பினப் பெண்களைச் சேர்க்கவில்லை. அவர்கள் 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற தங்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2013இல்கூட, அலபாமா பல்கலைக்கழகத்தில் ஒரு கறுப்பின மாணவியைச் சேர்க்க உறுப்பினர்கள் விரும்பியும் முன்னாள் மாணவிகள் தடுத்தார்கள் என்று அங்குள்ள மாணவர் பத்திரிகை 'கிரிம்சன் ஒயிட்' வெளிப்படுத்தியது. அதன் பிறகு அங்கே கதவுகள் அகலத் திறந்தன. கூரைக்குப் பணம் கொடுத்த கை, வாசலையும் மறித்து நின்றிருக்கிறது.

பத்திரம் முன்னாள் மாணவிகளின் கழகத்தின் பெயரில் இருக்கலாம், இருக்கட்டும். கூரையும் சுவரும் அவர்கள் பொறுப்பு. அந்த வீட்டுக்குள் யார் வரலாம் என்று சொல்லும் உரிமை, இன்று அங்கே வாழும் பெண்களுக்கே உரியது.