மைக் வைக்கும் இடம்

எங்கள் வீட்டில் பாட்டுப் பாடும் பொருள்கள் எல்லாம் அப்பாவுடையவை. முதலில் ரேடியோ, பிறகு டேப் ரெக்கார்டர், அதற்கும் பிறகு யாரோ அசெம்பிள் செய்துகொடுத்த ஆம்ப்ளிஃபையரும் மரப்பெட்டி ஸ்பீக்கர்களும். முன்னறையில் இருந்த அவற்றை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், அப்பா மட்டும்தான் தொடலாம். மேலே விரித்த துணியில் பூவேலை செய்தது அம்மா. வாரம் ஒருமுறை தூசி தட்டியதும் அம்மாதான். குமிழைத் திருகி அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. கிரைண்டரும் மிக்சியும் அம்மாவுடையவைதானே என்று கேட்கலாம். அவற்றை யாரும் 'செட்டு' என்று சொன்னதில்லை. மிக்சி ஓடும்போது, "அதை அப்புறம் போட்டா ஆகாதா?" என்ற குரல்தான் முன்னறையிலிருந்து வரும்.

அப்பா போய் நான்கு வருடங்கள் கழித்து, என் மூன்று வருட ஆர்.டி. முதிர்ந்த பணத்தில் ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கினேன். டிவிக்கும் ஸ்பீக்கர்களுக்கும் நடுவே உட்காரும் பெட்டி அது. வரும் ஒலியை வாங்கி, எது எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டுமோ அப்படிப் பிரித்து, பெருக்கி அனுப்பும். ஒன்பது பத்து கிலோ கனம். எதற்கு இந்த ஆடம்பரம் என்று கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை.

அம்மா கோயம்புத்தூர் நூற்பாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். கோன் வைண்டிங் பிரிவு. மில் கூடத்தில் இரைச்சல் 90 டெசிபெல் அளவில் சர்வசாதாரணமாக இருக்கும். எட்டு மணி நேர ஷிப்டுக்கு 85 டெசிபெலே எல்லை என்று அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நையாஷ் பரிந்துரைக்கிறது. 1948ஆம் ஆண்டின் நம் தொழிற்சாலைகள் சட்டத்திலும், அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய்களின் அட்டவணையில் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு இடம்பெற்றிருந்தது. அம்மாவிடம் யாரும் எதையும் அறிவிக்கவில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பெண்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டார்கள். பஞ்சுக்கு அங்கே பஞ்சமில்லை.

செவித்திறன் சோதனையில் வரைந்து கொடுத்த கோடு, தாழ்ந்த சுருதிகளில் ஏறக்குறைய நேராகப் போய் 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளத்தில் விழுந்தது. இரைச்சலால் கெட்ட காதுக்கு இதுதான் அடையாளமாம். உயிரெழுத்தின் பலம் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது, மெய்யெழுத்துகளின் கூர்மை மேலே இருக்கிறது. அதனால் அம்மாவுக்குப் பேச்சு கேட்கும், சொல் பிடிபடாது. பத்து, சத்து, கத்து மூன்றும் அவருக்கு 'அத்து'தான். இதை நாங்கள் 'காது மந்தம்' என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். உறவுக்காரர்கள் இன்னும் கொஞ்சம் தாராளமாகச் சொன்னார்கள்.

கருவி வாங்கினோம். வெளியே போகும்போது போட்டுக்கொள்வார். சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவார், நாளெல்லாம் போட்டால் தலை கனக்கிறதாம். அப்புறம் டிவி. "சத்தம் வையி கண்ணு." வைப்பேன். வசனத்தோடு பின்னணி இசையும் ஏறும், வெடிச்சத்தமும் ஏறும். உள்ளதும் மூழ்கிப்போகும். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். கொஞ்ச நாளில் அம்மா படம் பார்ப்பதையே விட்டுவிட்டார். "கண்ணு வலிக்குது" என்று காரணம் சொன்னார். வலித்தது கண் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஐந்து புள்ளி ஒன்று என்கிறார்களே, அந்த அமைப்பில் கலக்கப்பட்ட படத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் இருக்கும். ரிசீவர் இருந்தால் அந்த ஒரு ஸ்பீக்கரை மட்டும் தனியாகத் தூக்கலாம். இந்த ஒரே காரணத்துக்காகத்தான் எனக்கு அது வேண்டியிருந்தது.

காந்திபுரம் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். "சார் வரலீங்களா மேடம்?"

"எந்த சார்?"

அவர் குழம்பிப்போனார். நல்ல பையன்தான், இருபத்தைந்து வயதிருக்கும். தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். ரிசீவரைப் பற்றி மட்டும் பேசவில்லை. "கலர் கறுப்புதான் மேடம், எந்த ஃபர்னிச்சருக்கும் மேட்ச் ஆகும்" என்றார். நடு ஸ்பீக்கரின் அளவைத் தனியாக எத்தனை டெசிபெல் ஏற்றலாம் என்று கேட்டேன். அதற்கான பதிலை எனக்குப் பின்னால் நின்றிருந்த, அடுத்து வந்த ஆண் வாடிக்கையாளரைப் பார்த்துச் சொன்னார். அந்த மனிதர் பாவம், ஹெட்ஃபோன் வாங்க வந்தவர்.

இந்தத் தொழிலுக்கு இது பழைய பழக்கம். ஸ்டீரியோஃபைல் என்ற அமெரிக்க இதழில் 1983இல் ஒரு ஒலிபெருக்கியைப் பற்றி எழுதும்போது லாரி கிரீன்ஹில் ஒரு சொல்லைப் பயன்படுத்தினார்: வைஃப் அக்செப்டன்ஸ் ஃபேக்டர். மனைவி ஒத்துக்கொள்ளும் அளவு என்று சொல்லலாம். பெட்டி எவ்வளவு சின்னது, எவ்வளவு அழகு, வயர் எவ்வளவு தூரம் ஒளிந்திருக்கிறது என்பதை வைத்துக் கணக்கிடுவது. அன்றிலிருந்து ஆடியோ ஆட்கள் அதைப் பாதி நகைச்சுவையாகவும் பாதி நிஜமாகவும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் ஆணுக்குக் காது இருக்கிறது, பெண்ணுக்குக் கண் மட்டும் இருக்கிறது. அவள் அந்த வீட்டில் எதையும் கேட்க விரும்புவாள் என்பதற்கு அதில் இடமே இல்லை.

தேர்ந்தெடுப்பது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் வாட்டை மறந்துவிட வேண்டும். ஒரே ஒரு ஸ்பீக்கரை, ஒரே ஒரு சுருதியில், ஒலி பிசிறடிக்கும்வரை ஓட்டிப்பார்த்து எடுத்த எண்ணாகவும் அது இருக்கலாம். உள்ளே சின்ன எழுத்தில் வேறொன்று இருக்கும்: 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், இரண்டு சேனல்களும் ஓடும்போது. அந்த எண் 70, 80 என்று அடக்கமாக இருக்கும், அதுதான் நம்பத்தக்கது. வாட்டை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபெல்தான். சத்தம் இரண்டு மடங்கானதுபோல் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும். ஆகவே 80 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கில் கொட்டுவது வீண். டிவியில் ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால், டிவியின் ஒலி ஒரே கேபிளில் ரிசீவருக்குத் திரும்பி வந்துவிடும்.

மீதிப் பணத்தை ஸ்பீக்கரில் போட்டேன். அதுவும் மூன்று மட்டும்: இடது, வலது, நடு. நடுவில் இருப்பதற்குத்தான் அதிகம் செலவு செய்தேன். பின்னால் வைக்கும் சரவுண்டு வேண்டாம், சப்வூஃபர் வேண்டாம் என்றதும் கடைக்காரப் பையன் நிஜமாகவே வருத்தப்பட்டார். "சப்வூஃபர் இல்லாட்டி அதிராதுங்க மேடம்." இருபத்தாறு வருடம் அதிர்ந்த உடம்பு அம்மாவுடையது. போதும் என்றேன்.

பொருத்த ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே செய்தேன். வயர் நுனியைச் சீவி, சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் முறுக்க வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாற்றி முறுக்கினால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், தாழ்ந்த ஒலி மெலிந்துபோகும். ஒரு இழைகூடப் பக்கத்துத் திருகைத் தொடக் கூடாது. சீவிய செம்பு இழைகளைப் பார்த்ததும் அம்மா என் கையிலிருந்து வயரை வாங்கிக்கொண்டார். இரண்டு விரலில் உருட்டினார். ஒரு பிசிறு இல்லை. ஷிப்ட் முழுக்க அறுந்த நூலைத் தேடிப்பிடித்து முடிச்சுப் போட்ட விரல்கள். ஆறு நுனிகளையும் அவரே முறுக்கிக் கொடுத்தார். ரிசீவர் சூடாகும் என்பதால் மேலே ஒரு சாண் இடம் விட்டு, மூடாத அலமாரியில் வைத்தோம். பூவேலைத் துணியை எடுத்துக்கொண்டு வந்தவரிடம், காற்று போக வேண்டும், துணி போடக் கூடாது என்றேன். அதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

பெட்டிக்குள் ஒரு சின்ன மைக் இருந்தது. டெனான் ரிசீவர்களில் ஒடிசி, யமஹாவில் ஒய்பிஏஓ என்று அதற்குப் பெயர் வேறுபடும், வேலை ஒன்றுதான். மைக்கை வைத்தால் ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஓர் ஒலியை எழுப்பி, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று அளந்து சரிசெய்துகொள்ளும். மைக்கை 'முதன்மையாகக் கேட்கும் இடத்தில்', உட்கார்ந்தவரின் காது உயரத்தில் வைக்கச் சொல்கிறது கையேடு. கூடவே ஒரு படம்: சோபா, அதன் நட்டநடுவே ஒரு தலை.

எங்கள் சோபாவின் நட்டநடு அப்பாவின் இடம். அவர் போன பிறகு தம்பி வந்தால் அங்கேதான் உட்காருவான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மாவின் இடம் சமையலறை வாசலை ஒட்டிய பிரம்பு நாற்காலி. அடுப்பில் ஒரு கண் வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் எழுந்துபோகத் தோதாக. முன்னறையில் ஓடிய எல்லாப் படத்தையும் பாட்டையும் நாற்பது வருடமாக அவர் ஓரத்திலிருந்துதான் கேட்டிருக்கிறார். அவரை நடுவில் உட்காரச் சொல்லிப் பார்த்தேன். "அங்க உக்காந்தா விருந்தாளியாட்டம் இருக்குது." நாற்காலியை மாற்றுவதுதான் விடுதலை என்று வாதிடும் தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். இருக்கலாம். அறுபத்தெட்டு வயதில் தனக்கு வசதியான இடம் எது என்று அவருக்குத் தெரியும் என்றே நான் நினைக்கிறேன். மனுஷியை நகர்த்துவதைவிட ஒலியை நகர்த்துவது எளிது.

போட்டோ எடுக்கும் முக்காலியில் மைக்கைக் கட்டி, பிரம்பு நாற்காலியில், அம்மாவின் காது உயரத்தில் நிறுத்தினேன். ஃபேனை நிறுத்தினோம், ஃபிரிட்ஜையும் நிறுத்தினோம். ஒவ்வொரு ஸ்பீக்கரும் முறைவைத்துக் கூவியது. "குக்கராட்டமே கூவுது" என்றார் அம்மா. திரையில் எண்கள் வந்தன: இடது 3.9 மீட்டர், நடு 3.1, வலது 2.4. ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று மில்லி செகண்டு எடுக்கும். பக்கத்தில் இருக்கும் வலது ஸ்பீக்கரைக் கிட்டத்தட்ட நாலரை மில்லி செகண்டு தாமதிக்க வைத்து, மூன்றும் ஒரே நேரத்தில் பிரம்பு நாற்காலிக்கு வந்து சேரும்படி ரிசீவர் பார்த்துக்கொண்டது. அதற்கு மேல் நான் கையால் செய்தது இரண்டு வேலைகள். நடு ஸ்பீக்கரை 4 டெசிபெல் ஏற்றினேன். ஈக்வலைசரில் 2000, 4000 ஹெர்ட்ஸ் இரண்டையும் சிறிது தூக்கினேன். ஒரேயடியாகத் தூக்கினால் குரல் தகரம்போல் ஆகிவிடும். ராத்திரிக்கென்று ஒரு அமைப்பு உண்டு, அது பெரிய சத்தத்தை அடக்கிச் சின்னதை மேலே கொண்டுவரும். அம்மாவுக்கு அதைப் பகலிலும் விட்டுவைத்தேன்.

முதலில் போட்டது 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1977இல் வந்த படம், பீம்சிங் இயக்கியது, லட்சுமிக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. பேச்சாலேயே நகரும் படம். கல்யாணத்துக்கு முன்னால் மில் தோழிகளோடு ஷிப்ட் முடிந்து போய்ப் பார்த்தாராம். அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பாலும் ஒலி ஒரே தடம்தான். ரிசீவர் இரண்டு பக்கமும் பொதுவாக இருப்பதை நடுவுக்குத் தள்ளும்போது வசனத்தோடு இசையும் சேர்ந்தே நடுவுக்கு வந்துவிடும், பிரிக்க முடியாது. ஆனால் அந்தப் படத்தில் ஆட்கள் பேசும்போது இசை பெரும்பாலும் சும்மா இருக்கிறது. இன்றைய படங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை.

அரை மணி நேரம் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு திரையைப் பார்த்தபடியே, "அன்னிக்கு எங்களுக்கு இது பாதி புரியல. இந்தப் பிள்ளை மேல என்ன தப்பு?" என்றார். தோழிகள் அன்று தியேட்டரிலிருந்து மில் குடியிருப்புவரை சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்களாம், கங்கா செய்தது சரியா தப்பா என்று. அந்தச் சண்டையில் யார் யார் எந்தப் பக்கம் என்பதை ஒவ்வொரு பெயராகச் சொன்னார். எனக்கு அந்தப் பெயர்களில் ஒன்றுகூட அதுவரை தெரியாது.

பொங்கலுக்குத் தம்பி வந்தான். சோபாவின் நடுவில் உட்கார்ந்து பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "அக்கா, சவுண்டு ஒரு பக்கமா இழுக்குது, பேச்சு ரொம்பத் தூக்கலா இருக்குது, செட்டிங் மாத்தட்டுமா?" என்றான். ரிமோட்டுக்குக் கையை நீட்டினான். அது அம்மாவின் மடியில் இருந்தது.

"மாத்தாத சாமி. கேக்கோணும்னா இந்தப் பக்கம் ஒரு சேரை இழுத்துப் போட்டுக்க."

அவன் சமையலறை வாசலுக்குச் சேரை இழுத்துவந்து போட்டுக்கொண்டான். உள்ளே பால் பொங்கியபோது பக்கத்தில் இருந்தவன் அவன்தான், அதனால் அவனே எழுந்துபோய் அடுப்பை அணைத்தான். செய்தி விவாதங்களுக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. நாலு ஆண்கள் ஒரே நேரத்தில் கத்தினால் எந்த ஸ்பீக்கரைத் தூக்கினாலும் ஒன்றும் விளங்காது. அம்மா அப்போது சத்தத்தை முழுதாக அணைத்துவிட்டுக் கீரை ஆய்கிறார்.