‘கேஸ் மாத்திரையெல்லாம் ஒரு மாத்திரையா?’ - கிட்னி பிரச்னை உள்ளவர்கள் கவனிக்க!

எங்கள் பென்னலூரில் பாதி வீடுகளின் கடிகாரம் ஷிஃப்ட்டைப் பார்த்துத்தான் ஓடும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் இந்த வாரம் பகல் வேலை, அடுத்த வாரம் இரவு வேலை. நேரம் தவறிய சாப்பாடு, தூக்கத்தை விரட்ட நாலு டீ, விடிந்ததும் நெஞ்செரிச்சல். கைவசம் எப்போதும் ஒரு அட்டை ‘கேஸ் மாத்திரை’ இருக்கும்.

என் பெரியப்பாவும் அப்படித்தான். நீண்டகால சர்க்கரை நோயாளி. போன வருடம் கிரியாட்டினின் ஏறியிருந்தது. “என்னென்ன மாத்திரை எடுக்குறீங்க?” என்று டாக்டர் கேட்டபோது சுகர், பிரஷர் மாத்திரைகளை மட்டும் சொன்னார்.

“தினமும் காலையில கேஸ் மாத்திரை போடுறீங்களே, அதைச் சொல்லலையா?” என்றார் பெரியம்மா.

“அதெல்லாம் ஒரு மாத்திரையா?” என்று பெரியப்பா சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு எழுதித் தந்த மாத்திரையை, பழைய சீட்டைக் காட்டியே ஆறு வருடமாக வாங்கியிருந்தார் பெரியப்பா.

அதன்பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவை இவை.

பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை: கிட்னி நோயாளிகளுக்குப் பொதுவாக அளவைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால், அரிதாகச் சிலருக்குக் கிட்னியில் அழற்சியை உண்டாக்கும். திடீர் சிறுநீரக பாதிப்பு வரலாம் என்பதை மருந்துக் குறிப்பில் சேர்க்கும்படி 2019-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்தியது.

ஃபமோடிடின், ரானிடிடின் வகை: இவை பெருமளவு கிட்னி வழியாகவே வெளியேறுபவை. கிட்னி தளர்ந்தால் உடலில் தேங்கும்; வயதானவர்களுக்கு மனக்குழப்பம்கூட வரலாம். அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஜெல், சிரப்: பலவற்றில் அலுமினியமும் மெக்னீசியமும் உண்டு. கிட்னி வெகுவாகப் பழுதானவர்களுக்கும் டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் இவை உடலில் சேர்ந்துவிடும். தண்ணீரில் பொங்கும் பவுடரில் சோடியம் அதிகம். பிரஷருக்கும் வீக்கத்துக்கும் ஆகாது.

இன்னொரு தவறான நம்பிக்கை, ‘கேஸ் மாத்திரை சேர்த்துப் போட்டா வலி மாத்திரை ஒண்ணும் பண்ணாது’ என்பது. அது காப்பது வயிற்றை மட்டும்தான். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை கிட்னிக்குத் தரும் அடியை அது தடுக்காது.

அதற்காகப் பயந்துபோய் இன்றே நிறுத்திவிடாதீர்கள். இதய, ரத்தநாள நோயாளிகள் சுமார் 17,600 பேரிடம் மூன்று ஆண்டுகள் நடந்து, 2019-ல் வெளியான ஆய்வில், பான்டோபிரசோல் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் நாள்பட்ட சிறுநீரக நோய் வந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு, வயிற்றில் ரத்தக்கசிவு வராமல் காப்பதே இந்த மாத்திரையாக இருக்கலாம். நெடுநாள் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் எரிச்சல் இரட்டிப்பாகத் திரும்பலாம்.

பெரியப்பாவுக்கு டாக்டர் படிப்படியாகக் குறைத்தே நிறுத்தினார். இரவுச் சாப்பாட்டை முன்னதாக முடிப்பது, சாப்பிட்டவுடன் படுக்காமல் இருப்பது, டீயைக் குறைப்பது... இப்போது இவைதான் அவருக்கு மருந்து. கிரியாட்டினினுக்குத் தனியாக சிகிச்சை தொடர்கிறது.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். “இது இன்னும் எனக்குத் தேவையா? எத்தனை நாளைக்கு?” என்று கேளுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.