விளிம்பில் இருந்த பெயர்

மகள் கொலுசு கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தாள். பழைய வெள்ளியைப் போட்டு மாற்றலாமென்று பெட்டியைக் கிளறினேன். கறுத்துப்போன மெடல் ஒன்று கிடைத்தது. "எங்க பட்டாளத்துத் தாத்தாவோடது. சும்மாதானே கிடக்கு, போட்டுடு" என்றார் மாமியார்.

ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரை வீரன். 1914, 1918 என்ற வருஷங்கள். புளி போட்டுத் தேய்த்து, ஆசாரியிடம் எடுத்துப் போனேன்.

அவர் லென்ஸை வைத்துக்கொண்டு விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இதுல ஆள் பேரே இருக்கே. இதையா உருக்கச் சொல்றீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொடி ஆங்கில எழுத்தில் ஓர் எண், 'சாப்பர்' என்ற பதவி, தாத்தா பெயர், படையின் பெயர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படை அது என்றார் என் கணவர். முதல் உலகப் போரில் பணியாற்றிய சிப்பாய்களுக்குக் கொடுத்த இந்த வெள்ளி மெடலில், அவரவர் எண்ணையும் பெயரையும் பொறித்தே தந்தார்களாம். ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தாலும், எண்ணை வைத்து இன்னார் என்று கண்டுபிடித்துவிடலாமாம்.

மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தாத்தா பேரைப் பாட்டி ஒருநாளும் வாயால சொன்னதில்லை. இதுல எழுதியிருக்கு பாரேன்!"

கொலுசைச் சீட்டுப் பணத்தில் வாங்கினோம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பழைய மெடல் இருந்தால் புளியோ விபூதியோ போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். முதலில் விளிம்பைப் படித்து, எண்ணையும் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு பருத்தித் துணியில் சுற்றி, பத்திரமாக வையுங்கள்.