இரு குளத்தார் கூடிய நாள்

வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்பவர்கள் ஊர்ப் பெயர்ப் பலகைகளைக் கவனித்திருப்பார்கள். புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று குளத்தின் பெயரே ஊரின் பெயராக வருவதைக் காணலாம். அத்தகைய ஊரொன்றிலே குளக்கட்டுச் சிரமதானமும் அதனையொட்டி ஒரு கூட்டமும் நடைபெறவிருப்பதாக அன்பரொருவர் அறிவித்திருந்தார். சென்ற ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் அதனைக் காணச் சென்றோம். ஊரின் பெயரை இங்கே சொல்லாது விடுகின்றோம். காரணம் பின்னர் விளங்கும்.

நாம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறவில்லை. குளத்திலே நீர் வற்றி, நடுவே ஒரு பெரிய குட்டையாக மட்டும் கிடந்தது. அலைகரையில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கட்டின்மீதோ திருவிழாக் கூட்டம்! கத்தி, கோடரி, அலவாங்கு, மண்வெட்டி, கடகம் என்று கைக்கு ஒன்றாக ஏந்தியவண்ணம் ஆணும் பெண்ணும் நின்றனர். கட்டிலே முளைத்த மரக்கன்றுகளை வேரோடு பிடுங்குவதுதான் முதல் வேலை. நிழல் தரும் மரத்தை ஏன் கெடுக்கவேண்டும் என்று பட்டணத்தாராகிய நாம் கேட்டோம். பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்தார். மரம் பட்டுப்போனால் வேர் உக்கிப்போகும், வேர் உக்கிய இடத்திலே குழாய் வைத்தாற்போலத் துளை விழும், அத்துளை வழியே கசியும் நீர் ஒரு மாரிக்குள் கட்டையே அரித்துவிடும் என்று அவர் விளக்கினார். முள்ளம்பன்றியும் கறையானும் தோண்டிய பொந்துகளையும் தேடித்தேடி மண்ணிட்டு இறுக்கினர்.

2009 ஆம் ஆண்டில் யுத்தம் ஓய்ந்தபின் ஊருக்குத் திரும்பியவர்களே இவர்களிற் பெரும்பாலோர். திரும்பி வந்தபோது கட்டெது காடெது என்று தெரியாதவாறு பற்றை மண்டியிருந்ததாம். எந்த இடத்திலே கசிவு, எங்கே பழைய உடைப்பு என்பவை நாலைந்து முதியவர்களின் நினைவிலேதான் இருந்தன. பாடசாலைப் பிள்ளைகள் அவர்களை அழைத்துக்கொண்டு கட்டு நெடுக நடந்து, கேட்டறிந்தவற்றையெல்லாம் பொதுநோக்கு மண்டபச் சுவரிலே பெரிய படமாகத் தீட்டியிருந்தனர். துருசு, வான், வாய்க்கால், கசிவுள்ள இடங்கள் யாவும் வெவ்வேறு வர்ணத்திலே விளங்கின. முதலை ஒன்றும் வரையப்பட்டிருந்தது. அது கேட்டறிந்ததன்று, ஓவியரின் சொந்தச் சேர்க்கை.

குளத்தைப் பேணுவது முன்னாளிலே பங்கு முறையால் நடந்தது. வயலின் பரப்புக்கு ஏற்பக் கட்டிலே இத்தனை முழம் உன்னுடையது என்று பிரித்துக் கொடுப்பர். சிங்களக் கிராமங்களிலும் இதற்குப் ‘பங்கு’ என்றே பெயர். 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோது கட்டாய ஊழியத்தின் கொடுமை நீங்கியது. அதனோடு குளங்களைப் பேணும் ஒழுங்கும் தளர்ந்தது. பழைய வழமைகளை மீட்பதற்கென்றே 1856 இல் தேசாதிபதி வார்ட் ஒரு சட்டம் கொண்டுவர நேர்ந்தது. 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் விதானைமாரிடமிருந்த அதிகாரத்தை விவசாயிகளின் குழுக்களுக்கு மாற்றியது. அதே ஆண்டிலேதான் ஆசிரியரான ஏ. ரீ. ஆரியரத்ன தம் மாணவர்களோடு கனத்தொலுவ என்னும் ஒதுக்கப்பட்ட மக்களின் கிராமத்திலே முதலாவது சிரமதான முகாமை நடத்தினார். உழைப்பை ஏவிப் பெறாமல் தானமாகப் பெறலாம் என்னும் எண்ணம் அங்கிருந்து நாடெங்கும் பரவியது.

கட்டிலே வேலைசெய்தவர்களுள் ஏறக்குறைய பாதிப்பேர் அவ்வூரவர் அல்லர் என்பதை அறிந்தபோதுதான் எமக்கு வியப்பு. அவர்கள் கீழே உள்ள அடுத்த குளத்தைச் சேர்ந்தவர்கள். வறண்ட வலயத்துக் குளங்கள் தனித்தனியானவை அல்ல. மேற்குளத்தின் வான் பாய்ந்த நீரும், அதன் வயல்களிற் பாய்ந்து கழிந்த நீரும் கீழ்க்குளத்தைச் சேரும். அங்கிருந்து அதற்கும் கீழே. இந்தத் தொடர்முறையைத்தான் 2017 இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் உலக விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. மேலே கட்டு உடைந்தால் வெள்ளம் திரண்டு கீழ்க்கட்டையும் மோதும். 2018 மார்கழியிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தை இவ்வூரவர்கள் மறக்கவில்லை.

நண்பகலில் மருதமர நிழலிலே கூழ் வார்த்தார்கள். பனையோலைப் பிளாவிற் கூழருந்தி எத்தனையோ காலமாயிற்று. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினோம். அதன்பின் கூட்டம் தொடங்கியது. காலபோக விதைப்பு நாள், மாடுகளை வயலிலிருந்து அகற்றும் நாள், வாய்க்கால் வெட்டும் நாள் என்பவை விரைவிலே தீர்ந்தன. அப்பொழுது கீழ்க்குளத்து மூதாட்டியொருவர் எழுந்தார்.

“தம்பியவை, வெள்ளம் வந்தா முதல்ல எங்களிட்டத்தான் வருது. தண்ணி மட்டும் ஏன் கடைசியில வரவேணும்?”

மண்டபம் அடங்கிவிட்டது. செய்தி இதுதான். மாரி பொய்த்த வருடமொன்றில் மேற்குளத்தார் சிலர் வானிலே மணல்மூடைகளை அடுக்கி நீர்மட்டத்தை உயர்த்தியிருந்தனர். அவர்களுக்குச் சிறுபோகத்துக்கு நீர் மிஞ்சியது. கீழ்க்குளத்துக்கு வான் பாயவில்லை. அந்த மூடைகள் பின்னரும் அகற்றப்படவில்லை. ஊரின் பெயரை நாம் மறைத்தது இதனாலேயே.

மேற்குளத்து இளைஞரொருவர் சினத்தோடு மறுமொழி சொல்லத் தொடங்கினார். தங்கள் பிள்ளைகளும் பட்டினி கிடந்த வருடம் அது என்றார். அதுவும் பொய்யன்று. காலையிலே எமக்கு வேரின் கதையைச் சொன்ன பெரியவர் அவரை அமர்த்திவிட்டுப் பேசினார். “வானை உயர்த்தினா கட்டு பதியும், ராசா. பெருமழை ஒண்டு பெய்தா தண்ணி கட்டுக்கு மேலால பாயும். மண்கட்டு அதைத் தாங்காது. அவையளுக்காக இல்லாட்டிலும் எங்களுக்காக எடுக்கத்தான் வேணும்.” நீதியைப் பேசினால் வழக்கு நீளும் என்று கண்டு மண்ணைப் பற்றிப் பேசினார் போலும்! நீர் குறைந்த ஆண்டிலே என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. குளத்துக்கு அண்மையிலுள்ள வயலை மாத்திரம் எல்லோருக்கும் பகிர்ந்து விதைக்கும் பழைய ‘பெத்ம’ முறையைச் சிலர் எடுத்துரைத்தனர். அண்மை வயலுக்குச் சொந்தக்காரர் சிலர் முகஞ் சுளித்தனர். அது முடிவாகாமலே அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

மூடைகளின் விடயமோ ஒத்திவைக்கப்படவில்லை. கூட்டம் கலைந்ததும் இரு ஊர் இளைஞர்களும் வானடிக்குச் சென்றனர். சினந்து பேசிய இளைஞரும் போனார். சற்றுப் பின்னாலே, ஒருவரோடும் பேசாமல். உக்கிய மூடைகள் தொட்டவுடனே கிழிந்து மணல் கொட்டுண்டது. அதனைக் கடகங்களில் அள்ளி வண்டிப்பாதையின் பள்ளங்களிலே கொட்டினர். நாமும் ஒரு கடகம் சுமந்தோம். இரண்டாவதற்கு முதுகு இடங்கொடுக்கவில்லை.

பொழுது சாயும் வேளையிலே கீழ்க்குளத்தார் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினர். அடுத்த ஞாயிறு அவர்களுடைய கட்டிலே வேலை. எத்தனை பேருக்குக் கூழ் காய்ச்சவேண்டும் என்று மூதாட்டி பெட்டியிலிருந்தவாறே உரத்துக் கேட்டார். மேற்குளத்தார் தமக்குள்ளே கணக்குப் பார்க்கத் தொடங்கினர்.