அப்பாவுக்கு வாடகை

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது அவள் வேளச்சேரியில் தோழிகளோடு மாட்டிக்கொண்டாள். இ-பாஸ் கிடைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்து சேர ஜூன் ஆகிவிட்டது. ‘இருக்காத வீட்டுக்கு எதுக்கு வாடகை?’ என்று, தன் பங்கான 8,000 ரூபாயை அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டாள்.

சம்பளம் மாதம் 60,000. “ஒரு பைசா குறைக்கல” என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இரவு ஷிஃப்ட்டுக்கென்று தனியாக வந்த 3,000 ரூபாய் ஏப்ரலிலேயே நின்றுபோனது அம்மாவுக்குத் தெரியாது. ‘வீட்டிலிருந்துதானே வேலை’ என்றது ஆபீஸ் மெயில். வீட்டில் விழித்திருந்தாலும் இரவு இரவுதானே! இன்டர்நெட் செலவு அவளுடையது. கரண்ட் பில்லும் 500 யூனிட்டைத் தாண்டி எகிறியது.

அமெரிக்காவில், செலவு குறைந்த ஊருக்குக் குடிபோகும் ஊழியர்களின் சம்பளம் அதற்கேற்ப மாறும் என்று 2020 மே மாதமே ஃபேஸ்புக் வெளிப்படையாக அறிவித்துவிட்டது. இங்கே அப்படி யாரும் சொல்லவில்லை. ஆனால், ஜனவரியில் வருமான வரிக்காக வாடகை ரசீது கேட்டார்கள்.

அவள் சம்பளத்துக்குள்ளேயே வீட்டு வாடகைப்படி என்று 12,500 ரூபாய் இருந்தது. வாடகை கொடுத்தால்தான் அதற்கு வரிவிலக்கு. அதுவும், கொடுத்த வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவிகிதத்தைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான். அவளிடம் இருந்தது மூன்று மாத ரசீது. பி.எஃப்., எல்.ஐ.சி., நிலையான கழிவு, தொழில்வரி எல்லாம் போக, வரிக்குரிய வருமானம் 5,01,000 ரூபாய் என்று வந்து நின்றது. அந்த வருடம் பழைய முறையில் 5 லட்சம் வரை வரி கிடையாது. அதைத் தாண்டிவிட்டாலோ முழு வரியும் கட்டவேண்டும். ஆயிரம் ரூபாய் தாண்டியதற்காக, பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் 13,208 ரூபாய் பிடித்தார்கள். ஜூலைக்கும் வாடகை கொடுத்திருந்தால் ஒரு ரூபாய்கூட வரி வந்திருக்காது. 8,000 மிச்சம் பிடிக்கப்போய் 13,000 போன கணக்கை அவள் நாலு முறை போட்டுப் பார்த்தாள்.

தெருக்கோடி ஆடிட்டர்தான் அந்த வழியைச் சொன்னார். “வீடு அப்பா பேர்லதானே இருக்கு? அவருக்கே மாசாமாசம் பேங்க்ல வாடகை போடும்மா. சும்மா ரசீது மட்டும் எழுதக் கூடாது, பணம் நிஜமா போகணும். அதை அவர் வருமானத்துல காட்டணும். அவர் பென்ஷனுக்கு வரி வராது.”

அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. “பெத்த பிள்ளகிட்ட வாடகை வாங்குறவன்னு ஊரு சிரிக்கும் தாயி.”

“ஊருக்கு யாருப்பா சொல்லப்போறா?”

“உங்கம்மா இருக்கால்ல.”

இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, பாஸ்புக்கை எடுத்துக் கொடுத்தார். 2021 ஏப்ரலில் முதல் 8,000 அவர் கணக்கில் ஏறியது. அடுத்த வாரம் வாசலில் ஒரு மினி ஆட்டோ வந்து நின்றது. உள்ளே, முதுகுக்கு மெத்தை வைத்த சுழல் நாற்காலி. ஒரு வருடமாக அவள் பிளாஸ்டிக் சேரில், இடுப்புக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்துதான் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வீட்டு ஓனர் செலவு” என்றார் அப்பா.