பிரைமருக்கும் கூலி உண்டு

மதுரை ஆனையூர்ப் பக்கம் ஒரு மாடி வீடு. கூடத்தில் டி.வி. மாட்டியிருந்த சுவர் மட்டும் அடர் மெரூன். மற்ற மூன்றும் சந்தன நிறம். ‘ஹைலைட் சுவர்’ என்று ஆசைப்பட்டு அடித்தது. பகலிலும் விளக்குப் போடவேண்டியிருக்கிறது என்று வீட்டுக்காரர் அதையும் சந்தன நிறத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டார். அடர் நிறத்தை வெளிர் நிறம் எப்படி மறைக்கிறது என்று பார்க்கப் போயிருந்தேன்.

பெயிண்ட் டப்பா இன்னும் திறக்கப்படவில்லை. மேஸ்திரியும் அவருடைய உதவியாளரான இளைஞரும் 180ஆம் நம்பர் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றிச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய எமல்ஷனின் வழவழப்பு போனால்தான் அடுத்த பூச்சு பிடிக்கும். டி.வி.க்குப் போட்ட ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் திரும்பத் தேய்த்தார்கள். மேஸ்திரி செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். நேரில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழலாக விழுந்தது. இளைஞரின் புருவமெல்லாம் மெரூன் தூசி. மூக்கில் கட்டியிருந்தது வெறும் துண்டு.

அடுத்தது வெள்ளை பிரைமர். “நேரா கலரை அடிச்சா நாலு கை போனாலும் உள்ள இருக்க மெரூன் ரோஸாத் தெரியும் சார். பிரைமர் ஒரு கை ஓட்டிட்டா மேல ரெண்டு கையில அடங்கிரும்” என்றார் மேஸ்திரி.

காரணம் எளிது. வெளிர் பெயிண்டில் மறைக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி. ஒளியைச் சிதறடித்து, அடியில் இருக்கும் நிறத்தைக் கண்ணுக்கு எட்டவிடாமல் செய்கிறது. விலை கூடிய சரக்கு என்பதால், மலிவு பெயிண்டுகளில் இதைக் குறைத்துச் சுண்ணாம்புக்கல் பொடியைக் கூட்டுவது வழக்கம். அதில் தண்ணீரையும் தாராளமாக விட்டால் பூச்சு மெலிந்து பழைய நிறம் காட்டிக்கொடுத்துவிடும். பிரைமருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பட்டி வைத்த இடம் பெயிண்டை அதிகம் குடிக்கும். அப்படியே அடித்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். அந்த உறிஞ்சலை பிரைமர் சமப்படுத்துகிறது.

ரோலர் எட்டாத கூரை ஓரம், மூலை, சுவிட்ச் போர்டைச் சுற்றிய இடம் எல்லாம் பிரஷ்ஷால் ‘கட்டிங்’. அதை மேஸ்திரி யாரிடமும் விடுவதில்லை. பிரஷ்ஷின் நுனியை மட்டும் நனைத்து, ஏணியில் நின்றபடி மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு. “ஓரத்துலதான் பழைய கலர் எட்டிப் பாக்கும் சார்.” இளைஞர் அவசரப்பட்டு ரோலரைத் தோய்த்தபோது, “பிரைமர் காயட்டும்டா, இப்ப ஓட்டுனா உரிஞ்சு வந்துரும்” என்று தடுத்தார். “சரிண்ணே” என்று அவர் ரோலரை வைத்துவிட்டார்.

இவர்கள் சதுர அடிக் கணக்கில் பேசி வேலை எடுப்பவர்கள். பேரம் வந்தால் வீட்டுக்காரர்கள் முதலில் வெட்டுவது பிரைமரையும் தேய்ப்பையும்தான். வேலை முடிந்தபின் இரண்டும் கண்ணுக்குத் தெரியாது என்பதே காரணம். அப்புறம் மெரூன் தெரிகிறது என்று சண்டை வந்தால், கூடுதலாக அடிக்கும் கை மேஸ்திரியின் கணக்கில் ஏறுகிறது.

தேய்க்கும்போது பறக்கும் தூசியும் அவர்கள் கணக்கில்தான் போகிறது. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.மைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பழைய எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு வகைகளில், ஈயம் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட எனாமல் அடித்த கதவு, ஜன்னல்களை உலரத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதே நல்லது. குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது.

உங்கள் வீட்டில் அடர் சுவரை வெளிர் நிறமாக்குவதாக இருந்தால், தேய்ப்பு, பிரைமர், இரண்டு கை பெயிண்ட் என்று தனித்தனியாக எழுதிக் கூலி பேசுங்கள். பெயிண்ட் வாங்கப் போகும்போது தூசியைத் தடுக்கும் நல்ல முகக்கவசங்களையும் சேர்த்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.